கறுப்புக் கோட்டு தைக்க ஓர் இடம்: பாரிமுனையின் பெயர்ப்பலகை இல்லாத தையற்கடை

அளவு நாடாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே தையல் மாஸ்டர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கயிறு கட்டிய கேஸ் கட்டு ஒன்றை இறக்கி என் இடது கையில் கொடுத்தார். உள்ளே இருந்தவை வெற்றுத் தாள்கள். ஆனால் கனம் உண்மையான மேல்முறையீட்டுக் கட்டின் கனம். “இதைப் புடிச்சுக்கிட்டு, ஜட்ஜுக்கு ஒரு பக்கத்தைக் காட்டுற மாதிரி வலது கையத் தூக்குங்க வக்கீலம்மா” என்றார். தூக்கினேன். பிறகு குனிந்து மேசையில் எதையோ தேடுவதுபோல் நிற்கச் சொன்னார். அதன்பின் நாற்காலியில் உட்காரச் சொன்னார். இத்தனையும் முடிந்த பிறகுதான் அவருடைய மனைவி அளவெடுக்கத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல மாஸ்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒன்பது ஆண்டு வழக்கறிஞர் தொழிலில் நான் அணிந்து கழித்த மூன்று கோட்டுகளைத் தைத்தவர்களோ விற்றவர்களோ, நீதிமன்றத்தில் என் உடம்பு என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கடை பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கிறது. உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பெயர்ப்பலகை கிடையாது. படிக்கட்டு குறுகலானது, பகலிலும் இருட்டாக இருக்கும். மேலே ஏறினால் இரண்டு தையல் இயந்திரங்களும், கனத்த இஸ்திரிப் பெட்டி ஒன்றும், சன்னலோரத்தில் வெட்டு மேசையும் உள்ள ஓர் அறை. சன்னலோரத்தில் மேசையை வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: குழல்விளக்கின் கீழ் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பாகத் தெரியும், வெளிச்சத்தில் பிடித்தால்தான் ஒன்று நீலம் கலந்த கறுப்பு, மற்றொன்று பழுப்பு கலந்த கறுப்பு என்பது புலப்படும். வழக்கறிஞர் குமாஸ்தாக்கள் வாய்வழியாகச் சொல்லித்தான் இங்கே வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். எனக்கும் எங்கள் சேம்பர் குமாஸ்தாதான் வழி சொன்னார்.

இந்த உடையைப் பற்றிப் பேசும்போது விதியை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் (பார் கவுன்சில்) விதிகள் எங்கள் உடை நிதானமும் கண்ணியமும் உள்ளதாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆண்களுக்கு உரிய வகைகளில் நாம் அன்றாடம் பார்ப்பது, கறுப்புத் திறந்த கோட்டு, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலர், கழுத்தின் முன்னால் இரண்டு துண்டுகளாகத் தொங்கும் வெள்ளைக் கழுத்துப்பட்டை, கோட்டின் மேல் அணியும் கறுப்பு அங்கியான கவுன், இவற்றோடு வெள்ளை, சாம்பல் அல்லது கோடு போட்ட கறுப்பு நிறக் கால்சட்டை. வேட்டிக்கும் அனுமதி உண்டு, ஜீன்ஸுக்கு இல்லை. பெண்களுக்கு வெள்ளை, கறுப்பு அல்லது அடங்கிய நிறத்தில், அச்சும் வேலைப்பாடும் இல்லாத புடவை; இல்லையென்றால் வெள்ளையோ கறுப்போ ஆன சல்வார்; எதுவானாலும் மேலே கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையும். உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் கவுன் கட்டாயம், மற்ற இடங்களில் விருப்பம். கோடையில் உச்ச, உயர் நீதிமன்றங்கள் தவிர மற்றவற்றில் கோட்டு கட்டாயமில்லை.

இந்த விதிகளைச் செய்யும் அதிகாரத்தை வழங்குவது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 49ஆம் பிரிவு. அங்கே உடையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் தட்பவெப்ப நிலையைக் கருத்தில் கொண்டு என்ற சொற்கள் இருக்கின்றன. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற, ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் குறையாத ஒரு நகரத்தில் இருந்துகொண்டு அந்தச் சொற்களைப் படிக்கும் எந்த வழக்கறிஞருக்கும் ஒரு பெருமூச்சு வரும். விதியை மாற்றுவது தனிப்போராட்டம். அது மாறும்வரை, தட்பவெப்ப நிலையைக் கருத்தில் கொள்ளும் பொறுப்பு நம் தையற்காரரிடம்தான் வந்து சேர்கிறது என்பது என் எண்ணம். ஆகையால் இந்தக் கடையைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

வேறு எந்த அலுவலகத்திலும் ஒருவர் நிறத்தாலோ வடிவத்தாலோ தம்மைத் தனித்துக் காட்டிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. நேற்றுப் பதிவு செய்த ஜூனியரும் நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவரும் ஒரே கறுப்பு வெள்ளையில் நிற்கிறோம். அதனாலேயே உடையின் மற்ற எல்லாமும் கண்ணில் படுகிறது: தோள் எங்கே முடிகிறது, சட்டைக் கை எவ்வளவு வெளியே தெரிகிறது, காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கிறதா, கழுத்துப்பட்டை மஞ்சள் பாய்ந்திருக்கிறதா என்பதெல்லாம். என் சீனியர் இதைப் பற்றி ஒருநாளும் அறிவுரை சொன்னதில்லை. ஆனால் நீதிமன்ற அறைக்குள் நுழைவதற்கு முன் தாழ்வாரத்தில் ஒரு நொடி நின்று, இரண்டு கை நுனிகளையும் இழுத்துச் சரிசெய்துகொள்வார். அதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

என் முதல் கோட்டு ஆயத்த ஆடை. பார் கவுன்சிலில் பதிவு செய்வதற்கு முந்தைய நாள் மாலை, வழக்கறிஞர் உடைகள் விற்கும் ஒரு கடையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். பெண்களுக்கான கோட்டு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்; உண்மையில் அது ஆண்களுக்கான கோட்டைச் சிறிதாக்கியது. மார்புப் பகுதியில் உடல் வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் டார்ட் மடிப்பு இல்லை, பட்டன் ஆண்கள் பக்கத்தில் இருந்தது, இடுப்பில் ஒரு சாக்கு போலத் தொங்கியது. முழு பாலியஸ்டர் துணி, முழு பாலியஸ்டர் லைனிங். காலை பதினொரு மணிக்கே முதுகு நனைந்துவிடும், நனைந்தது காயாது. ஆறு மாதத்தில் கோட்டின் மார்புப் பகுதித் துணி முழுவதும் சிறு கொப்புளங்கள் எழும்பின. காரணத்தை மாஸ்டர்தான் பல ஆண்டுகள் கழித்து எனக்கு விளக்கினார். கோட்டின் முன்பகுதி விறைப்பாக நிற்க உள்ளே ஒரு துணி வைக்க வேண்டும். மலிவான கோட்டில் அதைப் பசை தடவிச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். தையற்காரர்கள் ஃபியூசிங் என்பது அதைத்தான். வியர்வையும் சலவையும் இஸ்திரிச் சூடும் மாறி மாறிப் படும்போது பசை ஆங்காங்கே விட்டுப்போகிறது. விட்ட இடம் கொப்புளமாகிறது. ஒருமுறை எழும்பிய கொப்புளத்தை எந்த இஸ்திரியாலும் அமுக்க முடியாது. கேன்வாஸ் துணியை நூலால் தைத்து உள்ளே வைத்த கோட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அது அணிய அணிய உடம்பின் வடிவத்துக்குப் பழகிக்கொள்ளும். செலவு கூடுதல், நேரமும் கூடுதல்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் இந்தக் கடையில் அதிக நேரம் செலவிட்டேன். கம்பளி என்றாலே சென்னைக்காரர்கள் பின்வாங்குவார்கள், நானும் பின்வாங்கினேன். மாஸ்டர் வாதாடவில்லை. இரண்டு துண்டுத் துணிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் என் வாய்க்கருகில் பிடித்து ஊதச் சொன்னார். டெரிகாட்டன் துண்டில் மூச்சு திரும்பி என் முகத்திலேயே அடித்தது. மெல்லிய கம்பளித் துண்டில் மறுபக்கம் வைத்திருந்த என் உள்ளங்கையில் காற்று பட்டது. துணிக்கடைகளில் ட்ராபிகல் என்று கேட்டால் இந்த மெல்லிய கம்பளித் துணி கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னும் சாதாரண நெசவு, முறுக்கேற்றிய நூல், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிராம் எடை. முறுக்கேற்றிய நூல் என்பதால் கசங்கினாலும் இரவு தொங்கவிட்டால் சுருக்கம் தானாகவே இறங்கிவிடுகிறது. வியர்வையின் ஈரத்தைக் கம்பளி தனக்குள் வாங்கி மெல்ல வெளியே விடுவதால், ஈரத் துணி முதுகில் ஒட்டும் உணர்வு குறைகிறது. முழுக் கம்பளியின் விலை கையைக் கடிக்கும் என்றால் பாலியஸ்டரும் கம்பளியும் கலந்த டெரிவூல் வாங்கலாம்; ஆனால் கலவை எவ்வளவு என்பதைத் துணியின் கரையில் படித்துப் பார்த்து, கம்பளிப் பங்கு பெயரளவுக்கு இருப்பதை ஒதுக்கிவிட வேண்டும். மாஸ்டர் துணி விற்பதில்லை. கடைத் துணியைக் கொண்டுபோனால் தொட்டுப் பார்த்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்வார். நான் முதலில் கொண்டுபோன துணியை அப்படித்தான் திருப்பி அனுப்பினார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததால் நட்டமில்லை.

லைனிங் விஷயத்தில் அவருடைய முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. கைகளுக்கும், தோளுக்கும், முன்பகுதிக்கும் மட்டும் லைனிங் வைத்து, முதுகின் கீழ்ப்பகுதியை வெறுமனே விட்டுவிட்டார். லைனிங் இல்லாத இடத்தில் உள்தையல்கள் வெளியே தெரியும் என்பதால் ஒவ்வொரு தையல் ஓரத்தையும் மெல்லிய நாடாவால் சுற்றித் தைக்க வேண்டியிருக்கிறது. முழு லைனிங் வைத்தால் அந்த வேலை மிச்சம். ஆகவேதான் பலர் முழு லைனிங் வைத்துவிடுகிறார்கள் என்றார். கோட்டைத் திருப்பிப் பார்த்தபோது அந்த நாடாக்கள் ஒரே அகலத்தில், ஒரு நூல்கூடப் பிசிறாமல் ஓடியிருந்ததை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையைத் தூக்கச் சொன்னதன் பொருள் முதல் ட்ரையலில் விளங்கியது. கைக்குழி, அதாவது கோட்டின் உடலோடு கையை இணைத்துத் தைக்கும் வட்டம், கீழே தாழ்ந்திருந்தால், கையை உயர்த்தும்போது கை மட்டும் போகாது, கோட்டு முழுவதும் சேர்ந்து மேலே ஏறும். காலர் காதைத் தொடும், முன்பக்கம் பிளந்துகொள்ளும். கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக, மேலேயே இருந்தால் கோட்டு இடத்தில் நிற்கக் கை தனியே உயரும். அணிந்த உடனே அது சற்று இறுக்கமாகத் தோன்றும். அதனால் பலர் அதைக் குறை என்று நினைத்துத் தளர்த்தச் சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படியே சொன்னேன். “ஒரு வாரம் போட்டுப் பாருங்க, அப்புறமும் தளர்த்தணும்னா தளர்த்தித் தரேன்” என்றார். ஒரு வாரம் கழித்து நான் போகவில்லை. போகத் தேவையே ஏற்படவில்லை.

புடவைக்கு மேல் அணியும் கோட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதை ஆண்களுக்கு மட்டும் தைத்துப் பழகியவர்கள் அறிய மாட்டார்கள். முந்தானை மடிப்புகள் இடது தோளில் குவிகின்றன. பருத்திப் புடவையில், அதுவும் கஞ்சி போட்டது என்றால், அந்தக் குவியல் அரை அங்குலத்துக்கும் மேல் இருக்கும். இரண்டு தோளுக்கும் ஒரே கனத்தில் பஞ்சுத் திண்டு வைத்தால் இடது தோள் மேலேறி, ஆள் சாய்ந்து நிற்பதுபோல் தெரியும். என்னுடைய பழைய படங்கள் அத்தனையிலும் நான் சாய்ந்துதான் நிற்கிறேன். அது என் நிற்கும் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். மாஸ்டர் புடவையோடு அளவெடுத்து, இடது தோளுக்கு மெல்லிய திண்டும் வலது தோளுக்குச் சற்றுக் கனமான திண்டும் வைத்தார். சல்வார் அணியும் நாட்களில் என்ன செய்வது என்று கேட்டேன். இடது தோளின் உள்ளே இரண்டு பிரஸ் பட்டன்கள் வைத்து, சல்வார் நாளில் பொருத்திக்கொள்ள ஒரு கூடுதல் திண்டைத் தனியே தைத்துக் கொடுத்தார். உள்ளங்கை அளவுள்ள அந்தத் திண்டு என் பையில் எப்போதும் இருக்கிறது. பின்பக்கம் நடுவில் வைத்த திறப்பு, முந்தானையின் நுனி கோட்டுக்கடியில் சுருண்டு மேடு கட்டாமல் கீழே இறங்கும் அளவுக்குப் போதுமான நீளத்தில் இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை தேதி. மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஐந்தரை வாரம் ஆனது. இடையில் இருமுறை நான் மாடியேறி வெறுங்கையோடு இறங்கினேன். அவருடைய தொலைபேசி பெரும்பாலும் எடுக்கப்படுவதில்லை. இரண்டாவது குறை பை. வெளிப்பக்கம் இரண்டு பைகள் வேண்டும் என்று கேட்டிருந்தேன். இடுப்பு வரி கெட்டுவிடும் என்று அவராகவே முடிவு செய்து, வெளிப்பைக்குப் பதில் வெறும் மூடியை மட்டும் தைத்துவைத்திருந்தார். பெண்களின் உடைகளில் பை வைக்காமல் விடுவது எல்லாத் தையற்காரர்களுக்கும் உள்ள பழக்கம். அதை நான் ஏற்பதில்லை. வழக்கு எண் எழுதிய சீட்டும், பேனாவும், கைப்பேசியும் எங்களுக்கும் இருக்கின்றன. என் வருத்தத்தைச் சொன்னபோது அவர் மறுப்பேதும் சொல்லாமல், உள்பக்கம் ஒரு நீளப் பையும் பேனாவுக்கு ஒரு குறுகிய பையும் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தார். மூன்றாவது, கோட்டின் வலது கை இடது கையைவிட அரை அங்குலம் குட்டையாக இருந்தது. அதைப் பிரித்துத் தைத்துச் சரிசெய்தார். உள்ளே துணி தாராளமாக விட்டிருந்ததால் அது முடிந்தது. ஆனால் நான் கண்ணாடி முன் கையை நீட்டிப் பார்த்திருக்காவிட்டால் அப்படியே கொடுத்திருப்பார். ஆகவே கோட்டை வாங்கும் முன் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுங்கள், அவசரப்படுத்த மாட்டார்கள்.

கவுனையும் இங்கேயே தைத்தேன். கவுன் தோளிலிருந்து நழுவுவதும், வாதத்தின் நடுவே அதை இழுத்துவிட்டுக்கொள்வதும் எங்கள் தொழிலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கோட்டுக் காலருக்கு அடியில், பின்கழுத்தில், ஒரு சிறிய கறுப்புப் பட்டனைத் தைத்து, கவுனின் உள்பக்கம் அதற்கேற்ற நூல் வளையம் ஒன்றை வைத்தார். நான் கேட்கவே இல்லை. ஓராண்டுக்கும் மேலாக என் கவுன் நழுவவில்லை.

கழுத்துப்பட்டையை மட்டும் இங்கே வாங்க வேண்டாம். அவர் தைப்பதில்லை, யாரோ கொடுத்துவைத்த பாலியஸ்டர் பட்டைகளை விற்கிறார். அவை வெள்ளையாகத் தொடங்கி, கழுத்து வியர்வையில் விரைவில் சாம்பலாகின்றன, கஞ்சியும் பிடிப்பதில்லை. நல்ல பருத்தியில், வெல்க்ரோ இல்லாமல் கொக்கி வைத்ததாக ஆறு பட்டைகள் வைத்துக்கொண்டால் வாரம் முழுவதும் தினமும் புதிதாக ஒன்று அணியலாம். வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் புடவையையும் ரவிக்கையையும் இழுத்துவிடும். கோட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டுவிட்டு ஐம்பது ரூபாய்ப் பட்டையில் கோட்டைவிடுபவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். நீதிபதியின் கண் முதலில் விழும் இடம் முகத்துக்கு நேர் கீழே உள்ள அந்த இரண்டு வெள்ளைத் துண்டுகளின் மேல்தான்.

காலணியைப் பற்றி விதிகள் எதுவும் சொல்லவில்லை. ஆகவே அங்கே ஒவ்வொருவரும் தம் அறிவைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு பெரிய காட்சிக்கூடத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய கறுப்புக் காலணியைக் கோடை விடுமுறையில் பெட்டியிலேயே வைத்திருந்து, நீதிமன்றம் திறந்த அன்று அணிந்துகொண்டு போனேன். பிற்பகலில் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருக்கும்போது சோல் பிஸ்கட்டைப் போலப் பொடிந்து உதிரத் தொடங்கியது. பாலியூரித்தேன் சோல்களுக்கு இந்தக் குணம் உண்டு. காற்றின் ஈரம் அந்தப் பொருளைச் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. அணியாமல் மூடிவைத்தால் காலணி பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, பெட்டிக்குள்ளேயே அது கெட்டுப்போகிறது. அதற்குப் பிறகு ரப்பர் சோல் அல்லது தோல் சோல், அதுவும் ஒட்டியது மட்டும் அல்லாமல் சுற்றிலும் தைத்தது என்றால்தான் வாங்குகிறேன். தைத்த சோல் தேய்ந்தால் பிரித்து வேறு சோல் போட்டுக்கொள்ளலாம், மழைக்காலத்தில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் தேங்கும் தண்ணீரில் நடந்தாலும் வாய் பிளப்பதில்லை.

இப்போது அணியும் காலணியைப் பெரியமேட்டில் வாங்கினேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் பதனிட்ட தோலும், அங்கே செய்த காலணிகளும் அங்கு கிடைக்கின்றன. தோலைப் பார்க்க ஒரு எளிய வழி, முன்பகுதியை விரலால் அழுத்தி மடக்கிப் பார்ப்பது. நல்ல தோலில் நுண்ணிய சுருக்கங்கள் எழுந்து, விட்டவுடன் மறையும். மேலே பிளாஸ்டிக் பூச்சு கனமாகப் பூசிய தோலில் ஒரே தடித்த மடிப்பு விழும், சில மாதங்களில் அந்த மடிப்பிலேயே பூச்சு வெடிக்கும். கண்ணாடிபோல் பளபளப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். நாள் முழுவதும் நிற்பவர்கள் மாலையில் போய் வாங்குவது நல்லது. கால் சற்று வீங்கியிருக்கும் அந்த நேரத்து அளவுதான் உண்மையான அளவு. குதி உயரத்தைப் பொறுத்தவரை ஓர் அங்குலத்துக்கு மேல் நான் போவதில்லை. கற்தரையில் குதிச் சத்தம் அறை முழுவதும் கேட்கும் என்பதால் குதியின் அடியில் ரப்பர் துண்டு ஒன்றை ஒட்டி வாங்கிக்கொண்டேன்.

பையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விதி மறைமுகமாக வேலை செய்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் கழுத்துப்பட்டையும் கவுனும் அணியக்கூடாது என்பது வழக்கறிஞர் கழகத்தின் விதி. அப்படியென்றால் மெட்ரோவில் வரும் என்னைப் போன்றவர்கள் அவற்றைக் கையோடு கொண்டுவந்து கொண்டுபோக வேண்டும். கவுனை நான்காக மடித்து வைக்கும் அகலமும், பட்டைகளை வளையாமல் வைக்கத் தட்டையான ஓர் அறையும், கட்டு வைக்கத் தனி அறையும் உள்ள பைதான் பயன்படும். தோளில் மாட்டும் கைப்பிடி கோட்டின் தோளைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும் என்பதால் கோட்டு அணிந்திருக்கும்போது பையைக் கையில்தான் தூக்குகிறேன்.

நகை விஷயத்தில் மற்றவர்களுக்கு அறிவுரை சொல்ல நான் விரும்பவில்லை. கண்ணாடி வளையல் மேசையில் படும்போது ஒலிவாங்கி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதால் நான் வளையல் அணிவதில்லை; வார் வைத்த மெல்லிய கைக்கடிகாரம் ஒன்று போதும்.

ஆண்களுக்கு இந்தக் கடை எப்படி என்று கேட்பவர்களுக்கு: எங்கள் சேம்பரில் உள்ள தம்பி ஒருவர் என்னைப் பார்த்து இங்கே தைத்துக்கொண்டார். கோட்டு மிக நன்றாக வந்திருக்கிறது. சட்டைக் காலருக்கும் கோட்டுக் காலருக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையவில்லை, சட்டைக் கை கால் அங்குலம் சரியாக வெளியே தெரிகிறது. கால்சட்டை அந்த அளவுக்கு இல்லை. தொடைப் பகுதியில் பழைய பாணியில் அளவுக்கு மேல் துணி விட்டுத் தைக்கிறார். கால்சட்டையை வேறு இடத்தில் கொடுப்பது நல்லது.

செலவு: துணியின் விலை தனி; தையற்கூலி, லைனிங், கேன்வாஸ், பட்டன் எல்லாம் சேர்த்துக் கோட்டுக்கு என்னிடம் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார். கவுனுக்கு ஆயிரத்து எண்ணூறு. பாதி முன்பணம். பதிவு செய்து ஓரிரு ஆண்டே ஆன ஜூனியர் ஒருவருக்கு இந்தத் தொகை சிறியதல்ல என்பதை அறிந்தே சொல்கிறேன். முதல் கோட்டைத் தைக்க முடியாதவர்கள் ஆயத்தக் கோட்டையே வாங்கி, தோள் மட்டும் சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, இடுப்பையும் கை நீளத்தையும் இவரிடம் கொடுத்து ஆல்டர் செய்துகொள்ளலாம். அதற்கு முந்நூறு, நானூறு ரூபாய்தான் ஆகிறது. தோள் தவறாக உள்ள கோட்டை மட்டும் யாராலும் திருத்த முடியாது. அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு பராமரிப்பு நம் கையில். 2020 மே மாதத்தில் காணொலி விசாரணைகளுக்குக் கோட்டும் கவுனும் வேண்டாம், வெள்ளை உடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் போதும் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தபோது, கோட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டியவர்கள் மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்து அதிர்ந்துபோனார்கள். காலரிலும் அக்குளிலும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. வியர்வை பட்ட கோட்டை மூடிய அலமாரியில் வைக்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் அகலமான தோள் உள்ள மரத் தாங்கியில் மாட்டி, மின்விசிறிக்குக் கீழே இரவு முழுவதும் விட்டுவிடுகிறேன். வெயிலில் போடுவதில்லை, கறுப்பு வெளுத்துச் செம்மை தட்டும். தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டால் போதும். டிரை கிளீனிங் ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் கொடுப்பதில்லை. இஸ்திரி போடுபவரிடம் மேலே ஈரத் துணி விரித்துத்தான் தேய்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரடியாகப் பெட்டி பட்டால் துணி மினுங்கிவிடும், அந்த மினுமினுப்பு போகாது. நீண்ட விடுமுறைக்கு வைப்பதானால் பருத்தி உறையில் அந்துருண்டை போட்டு வைக்க வேண்டும். கம்பளி என்பதால் பூச்சிக்கு அது உணவு.

பதினான்கு மாதம் அணிந்த பிறகு கை லைனிங் அக்குளில் கிழிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன், அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு கைகளுக்கும் புதிதாகப் போட்டுத் தந்தார், இம்முறை சொன்ன தேதியிலேயே. கேன்வாஸ் அப்படியே நிற்கிறது, காலர் மடிப்பு கெடவில்லை. இரண்டாவது கோட்டுக்குத் துணி கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வெளிப்பைகள் உண்மையான பைகளாக இருக்க வேண்டும் என்று நோட்டில் அவர் கையாலேயே எழுத வைத்தேன். புதிதாகப் போகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல், நீதிமன்றம் கலைந்த பிறகு போங்கள். விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறக்கும் ஜூன் மாதத்தில் கூட்டம் நெரியும் என்பதால் ஏப்ரலிலேயே துணியைக் கொடுத்துவிடுவது நல்லது. ட்ரையலுக்குப் போகும்போது நீதிமன்றத்துக்கு அணியும் அதே புடவையையும் அதே காலணியையும் அணிந்து செல்லுங்கள்.